மணல்ல டென்ட் போடாதீங்க பாஸ்!

'டென்ட்'னு சொன்னா உங்க தாத்தாவுக்கு என்ன ஞாபகம் வரும்? டென்ட் கொட்டாய்! மணலைக் குவிச்சு, அதுமேல குந்திக்கிட்டு, நடுவுல நாலு தடவை இன்டர்வெல் விட்டுப் பார்த்த படங்கள். உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆத்தோரம், பின்னாடி காடு, ஆரஞ்சு கலர்ல ஒரு குட்டிக் கூடாரம், உள்ளே ஒரு லைட்டு, வெளியே கிடார்... சரிதானே? தப்பே இல்லை. காலேஜ் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது அப்படி ஒரு ராத்திரி கழிக்கணும்னு ஆசைப்படாத ஆளு யாரு?

நானும் ஆசைப்பட்டேன். போயிட்டும் வந்துட்டேன். அதுக்கு முன்னாடி எங்க ஊரைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். ஏன்னா, இந்த டென்ட் கேள்வியை அதிகமா கேட்கறதே எங்க ஊருக்கு வர்றவங்கதான்.

எங்க ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை கிரிவலம் வந்திருக்கீங்களா? 14 கிலோமீட்டர் பாதையில வருண லிங்கத்தைத் தாண்டி, வாயு லிங்கத்துக்கு முன்னாடி, மலைக்கு மேற்குப் பக்கமா வரும் பாருங்க, அதேதான். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கு. மாணிக்கவாசகருக்கும் கோயில் உண்டு. கால் வலிக்கிற இடத்துல எங்க ஊர் வரும். அதனால எங்க அப்பாவோட டீக்கடைக்குப் பௌர்ணமி ராத்திரியெல்லாம் செம வியாபாரம்.

அந்தக் கடையில நான் கிளாஸ் கழுவ நிக்கறப்போ, பெரிய பையோட வர்ற பசங்க கேட்கற முதல் கேள்வி இதுதான்: ''சிஸ்டர், மலையில எங்கே டென்ட் போடலாம்?''

அப்பா டீயை ஆத்திக்கிட்டே சொல்ற பதில்: ''போட முடியாது தம்பி. சர்க்கரை கம்மியா, ஜாஸ்தியா?''

ஏன் முடியாது?

அப்பா சுருக்கமா சொல்லிட்டார். நான் கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

அண்ணாமலை காப்புக்காடு. 800 மீட்டருக்கு மேல உயரம் இருக்கிற மலை. அனுமதி இல்லாம உள்ளே போறதே சட்டப்படி குத்தம். அப்புறம் எங்கே டென்ட் போடறது? கார்த்திகை தீபத்தன்னிக்கு மட்டும் குறிப்பிட்ட எண்ணிக்கையில பக்தர்களை மேலே அனுப்பறது வழக்கமா இருந்துச்சு. 2024 டிசம்பர் 13 தீபத்துக்கு அதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு. கொப்பரை, நெய், திரி எல்லாம் கொண்டுபோறவங்களுக்கு மட்டும்தான் அனுமதி.

காரணம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1 சாயங்காலம், மலையோட இன்னொரு பக்கத்துல வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு ஒரு வீட்டு மேல விழுந்துச்சு. ஏழு பேர் போயிட்டாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. சின்ன வயசுலேர்ந்து 'நம்மளைக் காப்பாத்தற மலை'ன்னு சொல்லி வளர்ந்த ஊரு இது. அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல யாரும் தூங்கலை. வாசல்ல நின்னு மலையைப் பார்த்துக்கிட்டே இருந்தோம். இருட்டுல ஒண்ணும் தெரியலை. அதான் இன்னும் பயமா இருந்துச்சு.

மழைக்காலத்துல இப்படின்னா, வெயில் காலத்துல வேற பிரச்னை. தீ! மாசி, பங்குனியில புல்லு காஞ்சு கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். ராத்திரி மலையில சிவப்பா ஒரு கோடு ஊர்ந்து போறதைப் பார்த்திருக்கோம். வனத்துறையும், இங்கே பல வருஷமா மரம் நடற 'ஃபாரஸ்ட் வே' மாதிரி அமைப்புகளும், ஊர்க்காரங்களும் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடறாங்க. தீ வந்தா பச்சைக் கிளையை ஒடிச்சு அடிச்சு அணைக்கறாங்க. நட்ட கன்னு மரமாக எத்தனை வருஷம் ஆகும்! நீங்க மேகி கிண்டறதுக்கு மூட்டற அடுப்பு, அத்தனையையும் ஒரே ராத்திரியில முடிச்சுடும்.

குரங்கணி ஞாபகம் இருக்கா? 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்துல மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கிட்டாங்க. 20 பேருக்கு மேல இறந்தாங்க. நிறையப் பேர் நம்மளைவிட நாலஞ்சு வயசு பெரிய அக்கா, அண்ணனுங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னு தனி விதிகளே வந்துச்சு, அதே 2018-ல. காட்டுத்தீ சீசன்ல பாதைகளை மூடிடறாங்க. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 14 மாவட்டத்துல 40 பாதைகளைத் திறந்துவிட்டுச்சு. ஆன்லைன்ல பதிவு பண்ணணும், உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுக்குள்ள நடக்கணும்னு ஆசை இருந்தா அதுதான் நேர்வழி.

'விதியெல்லாம் போரு பாஸ்'னு சொல்றவங்களுக்கு ஒரே பதில்: விதிப் புத்தகத்துல இருக்கிற ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் வீட்டுல ஒரு போட்டோவுக்கு மாலை போட்டிருக்காங்க.

சரி, அப்போ எங்கே போறது?

எங்க கேங்ல ஆறு பேர். ஆறு பேரும் பொண்ணுங்க. இது முக்கியமான தகவல். ஏன்னா, பசங்க வீட்டுல ''எங்கடா போறே?''ன்னு கேட்பாங்க. எங்க வீட்டுல ''எதுக்குடி போறே?''ன்னு கேட்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் கிரிவலப் பாதையைவிட நீளம்.

ஒருத்தியோட அம்மா வழித் தாத்தாவுக்கு, சாத்தனூர் அணைக்குக் கீழே, தென்பெண்ணை ஆத்தோரம் கொஞ்சம் நிலம். ஒரு மாந்தோப்பு, அதை ஒட்டி மல்லாட்டைக் கொல்லை. எதிர்க்கரையில கரடும் புதரும். காடு மாதிரியே இருக்கும், ஆனா தாத்தாவோட சொந்தப் பட்டா நிலம். 'அங்கே டென்ட் போட்டா என்ன?'ன்னு அவ கேட்டதும் நாங்க அஞ்சு பேரும் அவ காலைத் தொட்டுக் கும்பிடாத குறை.

இப்போ அடுத்த கட்டம். எங்க அப்பா. கிளாஸ் கழுவறப்போ கேட்டா ''அப்புறம் பார்க்கலாம்''னுவார். சாப்பிடறப்போ கேட்டா அம்மாவைப் பார்ப்பார். அதனால நான் ஒரு வேலை செஞ்சேன். ஒரு முழுப் பேப்பர்ல எல்லாத்தையும் எழுதினேன். யார் யார் வர்றோம், ஆறு பேரோட வீட்டு நம்பர், எந்த பஸ்ல போறோம், எத்தனை மணிக்கு அங்கே இருப்போம், தாத்தா நம்பர், பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரி எது, எத்தனை மணிக்குத் திரும்புவோம். கடைசியா, 'ராத்திரி 9 மணிக்கும் காலையில 6 மணிக்கும் போன் பண்ணுவேன்'. அந்தப் பேப்பரைக் கடை கல்லாவுல வெச்சுட்டு ஸ்கூலுக்குப் போற பிள்ளை மாதிரி வந்துட்டேன்.

சாயங்காலம் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ''ஆத்துல தண்ணி எவ்வளவு போவுதுன்னு இதுல எழுதலையேம்மா?''

நான் தாத்தாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசினாங்க. பாதி நேரம் மழையைப் பத்தி, பாதி நேரம் மாட்டைப் பத்தி. போனை வெச்சுட்டு அப்பா, ''போயிட்டு வா''ன்னார். கேர்ள்ஸ், நோட் பண்ணுங்க. அடம் பிடிச்சு வாங்கற பர்மிஷனைவிட, கணக்குக் காட்டி வாங்கற பர்மிஷன் ரொம்ப நாள் நிக்கும்.

தாத்தா காட்டின மரம்

2025 பொங்கல் லீவு. தென்பெண்ணையில தண்ணி கணுக்கால் அளவுதான். நடுவுல நடுவுல மடு. ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு மணல். சினிமாவுல வர்ற மாதிரி இடம். எங்க குரூப்ல ஒருத்தி பையை அங்கேயே போட்டுட்டா. ''இங்கதான்டி டென்ட். தலைமாட்டுல ஆறு!''

கரை மேலேர்ந்து தாத்தா குரல். ''ஏய் பாப்பா, அங்க வேணாம். மேல ஏறி வா.''

''தண்ணியே இல்லையே தாத்தா?''

தாத்தா பதில் சொல்லலை. கையை நீட்டி ஒரு புங்க மரத்தைக் காட்டினார். நாங்க நிமிர்ந்து பார்த்தோம். எங்க தலைக்கு மேல, ரொம்ப மேல, கிளையில வைக்கோல், பிளாஸ்டிக் கவரு, ஒரு கிழிஞ்ச சேலை எல்லாம் சுத்திக்கிட்டுக் காஞ்சு போய்த் தொங்குது. யாரும் ஏறிக் கட்டினதில்லை. தண்ணி கட்டிட்டுப் போனது.

அன்னிக்கு ராத்திரி நடந்ததைத் தாத்தா சொன்னார். 2024 டிசம்பர் 1 ராத்திரி. மழை விடலை. நடுராத்திரிக்கு மேல லாரி நிறைய வர்ற மாதிரி ஒரு சத்தம். டார்ச்சை அடிச்சா, கொல்லை இருந்த இடத்துல கொல்லை இல்லை. மாட்டுக் கயித்தை மட்டும் அறுத்து விட்டுட்டு, பாட்டியைக் கூட்டிக்கிட்டு மேட்டுத் தெருவுக்கு ஓடியிருக்கார். மோட்டார் கொட்டாய் போச்சு, மல்லாட்டை போச்சு. மாடு மட்டும் மறுநாள் தானா வந்துடுச்சு. ''அதுக்கு மேடு எதுன்னு தெரியும். நமக்குத்தான் தெரியறதில்லை''ன்னார்.

இப்போ உங்களுக்குக் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, அரியர் வெக்கற கணக்கு இல்லை!

புயல் நம்ம பக்கம் வந்ததும் அதிகமா மழை கொட்டினது எங்கே? ஆத்துக்கு மேல்பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில. ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ.! அங்கே ரோட்டோரம் நிறுத்தியிருந்த வண்டிங்க பொம்மை மாதிரி அடிச்சுக்கிட்டுப் போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்தத் தண்ணியெல்லாம் தென்பெண்ணைக்கு வந்து, சாத்தனூர் அணைக்கு வந்துச்சு. அணையோட உயரம் 119 அடி. ஏற்கெனவே கிட்டத்தட்ட ரொம்பியிருந்துச்சு. அதனால டிசம்பர் 2 அதிகாலையில வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரைக்கும் திறந்துவிட வேண்டியதாயிடுச்சு.

ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். அப்போ ஒரு வினாடிக்கு 47 லட்சம் லிட்டர். நம்ம தெருவுக்கு வர்ற 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி கணக்குல பார்த்தா, ஒவ்வொரு வினாடிக்கும் கிட்டத்தட்ட 400 லாரி! நீங்க 'அய்யோ'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள 400 லாரி தண்ணி உங்களைத் தாண்டிப் போயிருக்கும். தாண்டியா, தூக்கிக்கிட்டா?

முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தாங்களா, இல்லையான்னு அப்போ சட்டசபை வரைக்கும் சண்டை நடந்துச்சு. 'அஞ்சு தடவை கொடுத்தோம்'னு அரசாங்கம் சொல்லுச்சு, 'இல்லை'ன்னு எதிர்க்கட்சி சொல்லுச்சு. அந்த விவாதம் இருக்கட்டும். நீங்க டென்ட்டுக்குள்ள தூங்கறீங்க. மணி ரெண்டு. போன் சுவிட்ச் ஆஃப், இல்லைன்னா டவர் இல்லை. எத்தனை தடவை எச்சரிக்கை கொடுத்தாலும் உங்களுக்கு வந்து சேருமா? அதான் கேள்வி.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? தண்ணி வர்றதுக்கு நீங்க இருக்கிற இடத்துல மழை பெய்யணும்னு அவசியமே இல்லை. உங்க தலைக்கு மேல நட்சத்திரம் பளிச்சுன்னு இருக்கும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் தள்ளி யாருக்கோ பெய்யற மழை, உங்க கூடாரத்துக்குள்ள வரும்.

நம்ம ஊரு மட்டுமில்லை

2014 ஜூன் 8. ஹைதராபாத்லேர்ந்து இமாசலப் பிரதேசத்துக்கு டூர் போன இன்ஜினீயரிங் மாணவர்கள், பியாஸ் நதியில பாறை மேல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மேலே லார்ஜி அணையைத் திறந்துட்டாங்க. 24 மாணவர்கள் போயிட்டாங்க. எல்லாரும் நம்ம வயசு. கரையில நின்னவங்க கண்ணு முன்னாடியே நடந்துச்சு.

1996 ஆகஸ்ட் 7. ஸ்பெயின் நாட்டுல பிரனீஸ் மலையடிவாரத்துல பியெஸ்காஸ்னு ஓர் ஊர். அங்கே அனுமதியோட நடந்த கூடார முகாம். ஓடை கொண்டாந்து போட்ட வண்டல் மேட்டுலதான் அந்த முகாமே இருந்துச்சு. சாயங்காலம் மலையில பெருமழை. 87 பேர் இறந்தாங்க. 'போர்டு வெச்சிருக்காங்க, டிக்கெட் கொடுக்கறாங்க, அப்போ பத்திரம்தான்'னு நினைக்கறவங்க இதை ஒரு தடவை படிக்கணும்.

2025 ஜூலை 4. அமெரிக்காவுல டெக்சாஸ் மாகாணம், குவாடலூப் ஆறு. விடியறதுக்கு முன்னாடி, முக்கால் மணி நேரத்துல தண்ணி 26 அடி ஏறுச்சு. ஆத்தோரம் இருந்த கோடை முகாம் ஒண்ணுல மட்டும் 27 பேர், பெரும்பாலும் சின்னப் பொண்ணுங்க. செல்போன், சாட்டிலைட், ரேடார் எல்லாம் இருக்கிற நாடு அது.

மூணு நாடு, மூணு ஆறு. ஒரே விஷயம்தான். ஆத்தோரம் சமமா, மெத்துன்னு, மணலா ஓர் இடம் இருக்குன்னா, அதைச் சமமாக்கினது ஆறுதான். அது ஆத்தோட படுக்கை. அது ஊருக்குப் போயிருக்கறப்போ நீங்க போய்ப் படுத்துக்கறீங்க. திரும்பி வந்தா என்ன சொல்லும்?

அந்த ராத்திரி

சரி சரி, ரொம்பப் பயமுறுத்திட்டேன்ல? இப்போ சந்தோஷமான பார்ட்!

தாத்தா காட்டின இடம், புங்க மரத்துக் குப்பையைவிட ரெண்டு ஆள் உயரம் மேல. மாந்தோப்பு ஓரம். ஆனா மரத்தடியில இல்லை. காஞ்ச கிளை எப்போ விழும்னு சொல்ல முடியாதுன்னு வெட்டவெளியில போடச் சொன்னார். ரெண்டு டென்ட், வாடகைக்கு எடுத்தது. மொட்டை மாடியில ஒரு தடவை போட்டுப் பழகிட்டுத்தான் போனோம். அங்கே போய் இருட்டுல கம்பியைக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கறதைவிட அது எவ்வளவோ மேல். முளைக்குச்சியை வெளிப்பக்கம் சாய்ச்சு அடிக்கணும், கயித்தை இழுத்துக் கட்டணும்னு மாடு கட்டற தாத்தாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. எங்களுக்கு அவர்தான் சொல்லித்தந்தார். மணல்ல முளை நிக்காதுங்கறதும் அவர் சொன்னதுதான்.

பாட்டி கேழ்வரகுக் களியும் மல்லாட்டைச் சட்னியும் கொண்டுவந்து வெச்சாங்க. நாங்க கொண்டுபோன நூடுல்ஸ் பாக்கெட் அப்படியே திரும்பி வந்துச்சு. சாப்பிட்டு முடிச்சதும் லைட்டை அணைச்சோம். அஞ்சு நிமிஷம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் வானம் மெதுவா வந்துச்சு. கிரிவலப் பாதை முழுக்க சோடியம் லைட்டு, எல்.இ.டி. லைட்டு. அங்கே பிறந்து வளர்ந்த எனக்கு வானத்துல இவ்வளவு பேர் குடியிருக்காங்கன்னே தெரியாது! இதே ஜவ்வாது மலைத் தொடர்ல காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி வெச்சு வானத்தைப் பார்க்கறாங்கன்னு பாடத்துல படிச்சப்போ மார்க்குக்காகப் படிச்சேன். ஏன் அங்கே வெச்சாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

தவளைச் சத்தம். தூரத்துல 'சக் சக் சக்'னு ஒரு பக்கிக் குருவி. எங்களுக்குள்ள அதுவரைக்கும் பேசாத விஷயமெல்லாம் பேசினோம். ஒருத்தி, படிப்பு முடிஞ்சதும் வீட்டுல கல்யாணப் பேச்சு எடுத்திருக்காங்கன்னு சொன்னா. ரெண்டு வருஷமா ஒரே பெஞ்சுல உக்கார்ந்தவ, ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. முகம் தெரியாத இருட்டுல சில விஷயம் சொல்றது ஈஸி. அன்னிக்கு யாரும் அவளுக்கு அட்வைஸ் பண்ணலை. பக்கத்துல படுத்திருந்தோம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஊருக்குத் திரும்பி, ஆறு பேரும் சேர்ந்து அவங்க வீட்டுக்குப் போய், அவ எம்.எஸ்ஸி. அப்ளிகேஷனை அவங்க அம்மாகிட்டக் கொடுத்துட்டு வந்தோம். என்ன ஆகும்னு தெரியாது. ஆனா தனியா கேட்கறதுக்கும், அஞ்சு பேர் பின்னாடி நிக்கறப்போ கேட்கறதுக்கும் வித்தியாசம் உண்டு.

இதுக்காகத்தாங்க டென்ட். போட்டோவுக்காக இல்லை.

ராத்திரி 9 மணிக்கு அப்பாவுக்குப் போன் பண்ணினேன். ''தண்ணி?''ன்னார். ''கணுக்கால்தாம்பா''ன்னேன். ''சரி, தூங்கு.'' காலையில 6 மணிக்கு நான் பண்றதுக்கு முன்னாடியே அவர் பண்ணிட்டார். அது வேற கதை!

கொஞ்சம் இதையும் நோட் பண்ணிக்கங்க

பாம்பு: நம்ம பக்கம் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை, கட்டுவிரியன்னு நாலு பேர் இருக்காங்க. இதுல கட்டுவிரியன் ராத்திரியில நடமாடும், தரையில படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும், கடிச்சா பெரிசா வலிகூடத் தெரியாது. அதனால டென்ட் ஜிப்பை எப்பவும் முழுசா மூடணும். வெளியே போனா டார்ச், கால்ல ஷூ. ஷூவை உதறிட்டுப் போடணும். கடிச்சுடுச்சுன்னா கட்டு போடறது, கீறறது, உறிஞ்சறது எல்லாம் சினிமாவோட நிறுத்திக்கங்க. ஆளை அசையாம வெச்சு, 108-க்குப் போன் பண்ணி, நேரா அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கு. அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கறதுல முக்கியமானவங்க யார் தெரியுமா? சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில 1978-லேர்ந்து நடக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். நம்ம ஆளுங்கதான்!

அடுப்பு: டென்ட்டுக்குள்ள அடுப்போ, கரியோ, எதுவும் எரிக்கவே கூடாது. துணி பத்திக்கும்ங்கறது ஒரு காரணம். இன்னொண்ணு, மூடின இடத்துல கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, கண்ணு எரியாது. தூக்கத்துலயே ஆளை முடிச்சுடும்.

யானை: யானை நடமாடற காட்டோரம் டென்ட்டே வேணாம். 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில, டென்ட்ல தங்கின ஓர் ஆசிரியை யானை தாக்கி இறந்தாங்க. துணிச் சுவருக்கும் யானைக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது. அப்படி ஓர் இடத்துல தங்கியே ஆகணும்னா, கர்நாடகாவுல காவிரிக் கரையில பீமேஸ்வரி, கலிபோரே மாதிரி அரசாங்கமே நடத்தற முகாம்கள் இருக்கு. காசு கொஞ்சம் கூடத்தான். காசு சேருங்க, போங்க.

குப்பை: கொண்டுபோன கவர் எல்லாம் உங்ககூடவே திரும்பி வரணும். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில எங்க ஊருக்கு வந்து பாருங்க, ஏன் சொல்றேன்னு புரியும். பாத்ரூம் வேலை தண்ணியிலேர்ந்து நல்லாத் தள்ளி, குழி தோண்டி, மூடிட்டு வரணும். கீழே ஒரு ஊரு அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது.

மழை: போற நாளைக்கு உங்க ஊர் வானிலையைப் பார்த்தாப் போதாது. ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிற ஊரையும் பாருங்க. மேலே அணை இருந்தா நீர்மட்டம் எவ்வளவு, திறக்கறாங்களான்னு விசாரிங்க. ராத்திரி போனை ஆஃப் பண்ணாதீங்க. ஆத்துத் தண்ணி திடீர்னு கலங்குனா, சருகும் குச்சியும் மிதந்து வந்தா, சத்தம் மாறினா, பையைத் தேடாதீங்க. டென்ட்டை மடிக்காதீங்க. ஆளுங்களை எழுப்பிட்டு மேட்டைப் பார்த்து ஓடுங்க. டென்ட் போனா வாடகைக்காரருக்குக் காசு கட்டிக்கலாம்.

இவ்வளவும் ஞாபகம் வெச்சுக்க முடியாதா? பரவாயில்லை பாஸ், ஒண்ணே ஒண்ணு போதும். எந்த ஆத்தோரம் போனாலும், பையை இறக்கறதுக்கு முன்னாடி, அந்த ஊர்ல வயசான ஒருத்தரைத் தேடிப் பிடிங்க. வணக்கம் சொல்லுங்க. ஒரு டீ வாங்கிக் கொடுங்க. ''தாத்தா, வெள்ளம் வந்தப்போ தண்ணி எது வரைக்கும் ஏறுச்சு?''ன்னு கேளுங்க. அவர் கை காட்டுவார்.

அதுக்கு மேல ரெண்டு ஆள் உயரம் ஏறி, அங்கே டென்ட் போடுங்க. குட்நைட்!